நூறு நாள் வேலையின் விலையைப் பேசியது யார்?

ஏழைகளுக்கான எந்தச் சட்டம் பேச்சுக்கு வந்தாலும் முதலில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: "பணத்துக்கு எங்கே போவது?" கேட்பவர்கள் நிதி அமைச்சக அதிகாரிகளாக இருக்கலாம், நாளிதழ்ப் பொருளாதார நிபுணர்களாக இருக்கலாம், நம் ஊர்த் தேநீர்க் கடையில் பேப்பர் படிப்பவராகவும் இருக்கலாம். கேள்வி பொறுப்பானதாகத் தோன்றும். பதில் சொல்ல முயல்பவர் பொறுப்பற்றவராகத் தோன்றுவார். அதனால் நம் இளம் தோழர்கள் பலர் இந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வன்கொடுமைச் சட்டம் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள், நிதிநிலை அறிக்கை என்றதும் "அது பொருளாதாரம் படித்தவர்கள் வேலை" என்று விலகிவிடுகிறார்கள்.

விலகக் கூடாது. ஒரு பெரிய செலவுச் சட்டம் நாடாளுமன்றத்தில் பேரம் பேசப்படும்போது, வெளியே கோடிகள் பேசப்படுகின்றன. உள்ளே பேசப்படுவது சொற்கள். "அனைவருக்கும்" என்பதா, "ஏழைகளுக்கு" என்பதா? "வழங்கும்" என்பதா, "வழங்கலாம்" என்பதா? செலவைக் குறைக்கும் வெட்டு இந்தச் சொற்களில்தான் விழுகிறது. அது யார் மீது விழுகிறது என்பதைச் சாதி தெரிந்தவர்களால்தான் சரியாகப் படிக்க முடியும். இதற்கு நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம், நூறு நாள் வேலை என்று நம் மக்கள் சொல்கிற தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் பிறந்த கதை.

வாக்குறுதி எங்கே சுருங்கியது?

வேலைக்கான உரிமை நம் அரசமைப்பில் 41-ஆவது உறுப்பில் இருக்கிறது. ஆனால் அது அடிப்படை உரிமையாக இல்லை. வழிகாட்டு நெறியாக இருக்கிறது. அதிலும், அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு இருக்கிறது. உரிமை எழுதப்பட்ட அதே வரியில் செலவுக் கணக்கும் எழுதப்பட்டுவிட்டது. அந்த நிபந்தனையைத் தாண்டி அதை ஒரு சட்டமாக்க, குடியரசுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

2004 மே மாதம் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. சுமார் 60 உறுப்பினர்களைக் கொண்ட இடதுசாரிக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரித்தன. அந்த ஆட்சியின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் சொன்னது இது: ஒவ்வொரு ஊரக, நகர்ப்புற ஏழை மற்றும் கீழ் நடுத்தரக் குடும்பத்திலும் குறைந்தது ஒருவருக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள் வேலை, குறைந்தபட்சக் கூலியில்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நகரம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. "தொடக்கமாக 100 நாள்" என்ற பொருளும் இருக்கிறது. சோனியா காந்தி தலைமையிலான தேசிய ஆலோசனைக் குழு ஒரு வரைவைத் தயாரித்தது. அருணா ராய், ழான் திரேஸ் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அந்த வரைவு அரசாங்கத்தின் அறைகளுக்குள் போய், 2004 டிசம்பர் 21 அன்று மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பலருக்கு அது அடையாளமே தெரியவில்லை.

நகரம் காணாமல் போயிருந்தது. நகரத்துச் சேரிகளில் குப்பை அள்ளியும் சித்தாள் வேலை செய்தும் பிழைப்பவர்கள் முதல் சுற்றிலேயே கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்கள். இன்றுவரை நாடு தழுவிய நகர்ப்புற வேலை உறுதிச் சட்டம் எதுவும் இல்லை.

நான்கு திருகுகள்

அந்த மசோதாவில் "இவ்வளவு கோடிக்கு மேல் செலவு செய்யக் கூடாது" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதினால் எல்லோரும் எதிர்ப்பார்கள். அதற்குப் பதிலாக நான்கு திருகுகள் வைக்கப்பட்டன. எப்போது வேண்டுமானாலும் முறுக்கிச் செலவைக் குறைத்துக்கொள்ளக்கூடிய திருகுகள்.

முதலாவது, யாருக்கு? ஊரகக் குடும்பம் எல்லாவற்றுக்கும் அல்ல, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றது மசோதா. கேட்க நியாயமாக இருக்கும். பணக்காரர் எதற்கு மண் வெட்ட வரப் போகிறார்? வர மாட்டார். வெயிலில் மண் சுமக்கும் வேலையே தேவையானவரைத் தேர்ந்தெடுத்துவிடும். அப்படியிருக்க, எதற்கு ஒரு வறுமைக்கோட்டுப் பட்டியல்? அந்தப் பட்டியலை எழுதுகிறவர் கையில் அதிகாரம் கொடுக்கத்தான். கிராமத்தில் களப்பணி செய்த எவருக்கும் தெரியும், வறுமைக்கோட்டுப் பட்டியல் ஊர்த் தெருவில் உட்கார்ந்து எழுதப்படுகிறது. சேரியில் கூரை ஒழுகும் வீடு அதில் விடுபட்டுப் போகும். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் வீடு இடம்பெற்றிருக்கும்.

இரண்டாவது, எங்கே? அரசு அறிவிக்கும் பகுதிகளில், அறிவிக்கும் காலத்துக்கு என்றது மசோதா. நாடு முழுவதும் எப்போது விரிவாகும் என்பதற்குக் கெடு இல்லை. கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. உறுதி என்று பெயர் வைத்துவிட்டு, அந்த உறுதி எங்கே, எத்தனை நாளைக்கு என்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டால் அது உறுதியே அல்ல.

மூன்றாவது, என்ன கூலி? குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், ஒன்றிய அரசு தனியாக ஒரு கூலியை நிர்ணயிக்கலாம்.

நான்காவது, யார் பணம்? ஒன்றியம் எவ்வளவு, மாநிலம் எவ்வளவு என்ற பங்கீடு. இது சலிப்பூட்டும் கணக்கு போலத் தெரியும். உண்மையில் உரிமையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தெருவும் நிலைக்குழுவும்

மசோதா ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. அதன் தலைவர் பாஜகவின் கல்யாண் சிங். அதே சமயம் தெருவில் மக்கள் இயக்கங்கள் இறங்கின. 2005 மே மாதம் டெல்லியிலிருந்து புறப்பட்ட வேலை உரிமைப் பயணம் பத்து மாநிலங்கள் வழியே 50 நாட்கள் நடந்தது. இடதுசாரிக் கட்சிகள் உள்ளே அழுத்தம் கொடுத்தன. ஊரக வளர்ச்சி அமைச்சர் ரகுவம்ச பிரசாத் சிங் அமைச்சரவைக்குள் மசோதாவுக்காக நின்றார்.

எதிர்த்தரப்பு கையில் ஓர் எண் இருந்தது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய். அந்நாட்களில் இந்த எண் அடிக்கடி அடிபட்டது. நாடு திவாலாகும், பணம் முழுதும் இடைத்தரகர் பைக்குப் போகும் என்றெல்லாம் எழுதினார்கள். திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னது, முழு அளவில் நடந்தாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் ஒரு விழுக்காடுதான் ஆகும் என்று.

2005 ஆகஸ்ட் 23 அன்று மக்களவையில் மசோதா நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. நான்கு திருகுகளில் இரண்டு கழற்றப்பட்டிருந்தன. "ஏழைக் குடும்பம்" என்பது "ஒவ்வொரு ஊரகக் குடும்பம்" என்றானது. ஐந்து ஆண்டுக்குள் நாடு முழுவதும் விரிவாக வேண்டும் என்ற கெடு வந்தது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் ஊரகப் பகுதி உள்ள எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் வந்தவை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள்.

இது பெரிய வெற்றி. நிலைக்குழு என்ற ஒரு வாசல் திறந்திருந்ததால், ஏழு எட்டு மாத அவகாசம் கிடைத்ததால், தெருவில் நின்றவர்களின் குரல் சட்டத்தின் சொற்களுக்குள் நுழைய முடிந்தது.

கழற்றப்படாத திருகு

மூன்றாவது திருகு அப்படியே இருந்தது. சட்டத்தின் 6(1) பிரிவு. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் என்ன கூறப்பட்டிருந்தாலும் ஒன்றிய அரசு கூலியை அறிவிக்கலாம். அது 60 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அப்படி அறிவிக்காத வரையில் மாநிலத்தின் வேளாண் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலி பொருந்தும்.

முதல் மூன்று ஆண்டுகள் இந்தப் பிரிவு தூங்கிக்கொண்டிருந்தது. சில மாநிலங்கள் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தின. ஒன்றிய அரசு கொடுக்க வேண்டியதாயிற்று. 2009 ஜனவரி 1 அன்று திருகு முறுக்கப்பட்டது. நூறு நாள் கூலி, மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலியிலிருந்து துண்டிக்கப்பட்டது.

இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இலும் 1983-இலும் சொல்லியிருக்கிறது. 1983 தீர்ப்பு ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணப் பணி செய்தவர்களைப் பற்றியது. அரசு உதவியாகத் தரும் வேலைதானே, கூலி குறைந்தால் என்ன என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படியிருந்தும், கால் நூற்றாண்டு கழித்து அரசே அதைச் சட்டப்படி செய்தது. 2011-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை கேட்டது, கிடைக்கவில்லை. ஆனாலும் 6(1) பிரிவு அசையவில்லை. விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவது என்று மட்டும் ஆனது. தமிழ்நாட்டில் 2025–26-க்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். பல மாநிலங்களில் நூறு நாள் கூலி, அந்த மாநிலத்தின் வேளாண் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு.

2005 ஆகஸ்டில் எல்லோரும் கை தட்டியபோது, சட்டத்துக்குள் மூலையில் நின்ற ஒரு வாக்கியம் இது. சட்டம் நிறைவேற வேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுக்கப்பட்டது. விட்டுக்கொடுத்ததன் விலையை மண் சுமக்கும் பெண்கள் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் பணம் என்பதில் என்ன இருக்கிறது?

இப்போது நான்காவது திருகு. 2005 சட்டத்தில் இந்த இடத்தில் நல்லறிவு வேலை செய்தது. உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு தரும். பொருட்செலவில் முக்கால் பங்கு ஒன்றியம், கால் பங்கு மாநிலம். ஆனால் வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் தர வேண்டிய வேலையில்லாப் படியை மாநிலம் தன் பையிலிருந்து தர வேண்டும்.

எளிய உளவியல்தான். வேலை கொடுத்தால் மாநிலத்துக்குக் கூலிச் செலவில்லை, மறுத்தால் செலவு. அதனால் வேலை கேட்டு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்ப மாநிலத்துக்குப் பண ரீதியான காரணம் ஏதும் இல்லை. உரிமையை வெறும் அறிவிப்பாக விடாமல், அதை மீறினால் யாருக்கு வலிக்கும் என்று கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். நடைமுறையில் வேலையில்லாப் படி அரிதாகவே கொடுக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் கூலிச் செலவு மாநிலத்தின் தலையில் இல்லை என்பதால்தான் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இத்திட்டத்தைப் பெரிய அளவில் நடத்தின.

இதற்கு மாறான கதை மகாராஷ்டிரத்தில் உண்டு. 1977-லேயே அங்கே வேலை உறுதிச் சட்டம் வந்தது. நகரத்துச் சம்பளக்காரர்களிடம் தொழில் வரி வாங்கி, அரசும் தன் பங்கைப் போட்டு நடத்திய திட்டம் அது. 1988-இல் கூலி இரட்டிப்பானது. அதன் பிறகு வேலை நாட்கள் குறைந்தன. கூலி கூடியதும் செலவைக் கட்டுக்குள் வைக்க, வேலையைத் திறப்பதையே அரசு குறைத்துக்கொண்டது. "பார்த்தீர்களா, கூலியைக் கூட்டினால் வேலை குறையும்" என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணம் இதுதான்.

இந்த வாதத்தை நாம் தட்டிவிட்டுப் போகக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது. செலவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிட்டால், கூலியும் நாட்களும் ஒன்றை ஒன்று தின்னும். ஆனால் அந்த உச்சவரம்பு மழை போல் வானத்திலிருந்து விழுவதல்ல. யாரோ போடுகிறார்கள். அதைப் போட்டவர் யார், எதற்கு ஒப்பிட்டுப் போட்டார் என்று கேட்பதுதான் நம் வேலை.

செலவு யாருக்கு?

கணக்கையே பார்த்துவிடுவோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காடு ஆகும் என்று ஆதரவாளர்களே சொன்ன சட்டம், இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த ஒரு விழுக்காட்டைத் தொட்டதில்லை. கொரோனா ஆண்டான 2020–21-இல் நகரங்களிலிருந்து மக்கள் நடந்தே ஊர் திரும்பியபோது செலவு சுமார் 1.11 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. அதுவும் அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டியதுதான். 2023–24 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடு 60,000 கோடிக்கு இறக்கப்பட்டது. போதாமல் போய்ப் பிறகு கூட்ட வேண்டியதாயிற்று. 100 நாள் என்று சட்டம் சொன்னாலும், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சராசரி ஆண்டுக்கு 50 நாளைத் தாண்டுவதே அரிது.

2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. நூறு நாள் வேலையின் உச்ச ஆண்டுச் செலவைவிட அதிகம். அந்த முடிவு முதலில் அவசரச் சட்டமாக வந்தது. அப்போது "பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்ட குரல்கள் எத்தனை?

ஆக, பிரச்சினை பணம் மட்டும் அல்ல. நூறு நாள் வேலைக்கு இன்னொரு செலவு உண்டு. அது எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராது. நிலம் வைத்திருப்பவர் கொடுக்க வேண்டிய கூலி உயர்கிறது. "நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆள் கிடைப்பதில்லை" என்ற புலம்பலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிறு விவசாயியின் கஷ்டம் அதில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அவருக்குக் கட்டுபடியாகும் விலை நெல்லுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கஷ்டத்தைக் கூலிக்காரப் பெண்ணின் தலையில் இறக்கி வைக்க முடியாது. "ஆள் கிடைப்பதில்லை" என்பதன் முழு வாக்கியம், "நான் சொல்கிற கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை" என்பதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதி உழைப்பாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விவசாயக் கூலிகள். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. ஆனால் நூறு நாள் வேலையின் தொடக்க ஆண்டுகளில் மொத்த வேலை நாட்களில் கால் பங்குக்கும் மேல் அவர்கள் செய்தது. தமிழ்நாட்டில் இந்த வேலை நாட்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவை. காலையில் ஆண்டையின் வாசலில் நின்று "இன்னைக்கு வேலை இருக்குங்களா?" என்று கேட்க வேண்டியதில்லை. அதே மண்ணை வெட்டினாலும், கூலி சொந்த வங்கிக் கணக்கில் வரும். வேலை கேட்பது மனு, பிச்சை அல்ல. இந்த மாற்றத்தின் மதிப்பை எந்த அறிக்கையும் கோடிகளில் எழுதவில்லை. இழந்தவர்கள் மட்டும் அதைத் துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் கட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினம் ஒன்று என்றேன். கீழ்வெண்மணி இருப்பது அங்கேதான். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னால் இருந்தது கூலி கேட்டு எழுந்த சங்கம். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதன் விலை அது. விவசாயக் கூலி என்பது நம் மண்ணில் ஒருபோதும் வெறும் பொருளாதாரக் கேள்வியாக இருந்ததில்லை என்பதை அந்த ஊர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2025: பேரமே இல்லாத சட்டம்

2025 டிசம்பர் 16 அன்று மக்களவையில் ஒரு மசோதா வைக்கப்பட்டது. 'விபி–ஜி ராம் ஜி' என்று சுருக்கி அழைக்கப்படும் அது, 2005 சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்துக்கு வந்தது. நிலைக்குழுவுக்கு அனுப்பும்படி எதிர்க்கட்சிகள் கேட்டன, அனுப்பப்படவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. முதல் சட்டத்துக்கு எட்டு மாதம் பேரம் பேசினார்கள். அதை நீக்க எட்டு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தலைப்பில் ஒரு பெரிய எண் இருக்கிறது: 100 நாள் 125 நாளாகிறது. பத்திரிகைகள் அதைத்தான் முதலில் போட்டன. ஆனால் திருகுகளைப் பாருங்கள்.

எங்கே? ஒன்றிய அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில். 2004 மசோதாவில் இருந்த அதே சொல் இங்கேயும் இருக்கிறது. எவ்வளவு? ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றிய அரசு ஆண்டு ஒதுக்கீட்டை முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்துடையது. அதாவது, மக்கள் வேலை கேட்பதைப் பொறுத்துப் பணம் வரும் என்ற முறை போய், வந்த பணத்துக்குள் வேலை கொடு என்றாகிறது. யார் பணம்? பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40. முன்பு கூலி முழுவதும் ஒன்றியம் தந்தது. இப்போது கூலியிலும் மாநிலத்துக்குப் பங்கு. வேலை கொடுப்பதே மாநிலத்துக்குச் செலவு என்று ஆகிவிட்டபின், வேலையைத் திறக்காமல் இருக்க அதிகாரிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் 1988 கதை நாடு முழுவதும் நடப்பதற்கான ஏற்பாடு இது.

இன்னொன்றும் இருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாட்கள் இந்த வேலை நடக்காது. மாநிலங்கள் அந்த நாட்களை அறிவிக்கும். எந்த நாட்களில் கூலிக்காரருக்குப் பேரம் பேசும் வலிமை இருக்கிறதோ, அந்த நாட்களில் அவருடைய மாற்று வழி அடைக்கப்படுகிறது. இதனால் அரசுக்கு மிச்சமாகும் பணத்தைவிட, நிலவுடைமையாளருக்கு மிச்சமாகும் கூலி அதிகம். "ஆள் கிடைப்பதில்லை" என்ற தேநீர்க் கடைப் புலம்பல் ஒரு சட்டப் பிரிவாக மாறியிருக்கிறது. செலவு என்ற பெயரில் நடந்த பேச்சு உண்மையில் யாருடைய செலவைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

பழைய சட்டத்தைப் புனிதமாக்க வேண்டாம். அதிலும் ஓட்டைகள் இருந்தன. 2021-இல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துப் போடும்படி ஒன்றிய அரசு சொன்னது. ஒரே வாய்க்காலில் ஒன்றாக வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. பணித்தளத்தில் சண்டை வந்தது. பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. மேற்கு வங்கத்துக்கு 27-ஆவது பிரிவைக் காட்டி 2022 மார்ச்சில் நிதி நிறுத்தப்பட்டது. முறைகேட்டுக்குத் தண்டனை என்றார்கள். தண்டனை அனுபவித்தது வேலை செய்துவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தவர்கள். நல்ல சட்டத்துக்குள்ளும் ஒரு பிரிவு போதும், வயிற்றில் அடிக்க.

அதனால்தான் சொல்கிறேன், இனி எந்த மசோதா வந்தாலும் தலைப்பில் உள்ள எண்ணைப் பார்த்து மகிழவோ கோபப்படவோ செய்யாமல் மசோதாவை எடுத்துப் படியுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது. முப்பது நாற்பது பக்கம்தான். படிக்கும்போது இந்த நான்கையும் கேளுங்கள். யாருக்கு, அதைப் பட்டியலிடுவது யார்? எங்கே, எப்போது வரை? என்ன கூலி, வேறு எந்தச் சட்டத்தை இது மீறுகிறது? யார் பணம், மறுத்தால் யாருக்கு இழப்பு? "கூறப்பட்டிருந்தாலும்", "அறிவிக்கலாம்", "உட்பட்டு" ஆகிய சொற்கள் வரும் இடங்களில் கோடு போடுங்கள். ஒரு மாலை நேர வாசிப்பு வட்டத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. பிறகு அதை கிராம சபையில் நம் பெண்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் மறுக்கப்படுவதன் நுணுக்கங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நிதி நம் துறை இல்லை என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. 1925-இல் அது நூலாக வந்தது. மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாயும் செலவும் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதுதான் அதன் பொருள். இன்றைய 60:40 சண்டையின் தாத்தா அங்கே இருக்கிறார். தீண்டாமையை எதிர்த்த மனிதர் கணக்கேட்டையும் திறந்து படித்தார், இரண்டும் ஒரே வேலை என்பதால்.

2005-இல் நமக்காக அந்த அறைக்குள் நுழைந்து சொற்களுக்காகச் சண்டை போட்டவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் குறைவு. அதனால்தான் நகரமும் குறைந்தபட்சக் கூலியும் பேரத்தில் முதலில் விழுந்தன. விட்டுக்கொடுப்பவருக்கு அது ஒரு பிரிவு. இழப்பவருக்கு அது அன்றைய கூலி. அடுத்த மசோதாவின் விலை பேசப்படும்போது, கூலியை இழக்கப்போகிறவர்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். இருப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். தொடங்குங்கள்.

ஜெய் பீம்.